காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்கிறோம்?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நீட் தேர்வை எப்படி எழுதுவது என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்லப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் மதரஸாவில் ஓதியவன். தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வந்து, இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் காலத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். நம் பிள்ளைகள் மருத்துவ இடத்தைத் தேர்வறையில் மட்டும் இழக்கவில்லை. தேர்வு முடிந்த பிறகு, நம் வீட்டு முற்றத்தில் வைத்தும் இழக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பு ஒன்றும் சிறிய காலமல்ல. 2021ல் செப்டம்பர் 12 அன்று தேர்வு. முடிவு நவம்பர் 1ல். கலந்தாய்வு தொடங்கியது 2022 ஜனவரியில்! 2024ல் மே 5 அன்று எழுதினார்கள், ஜூன் 4ல் முடிவு வந்தது. அதற்குப் பிறகு வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண் என்று நாடே கொந்தளித்து, வழக்கு உச்ச நீதிமன்றம் போய், மறுதேர்வு தேவையில்லை என்று ஜூலை 23ல் சொன்ன பிறகு, திருத்திய முடிவு ஜூலை 26ல் வந்தது. ஆகஸ்டில்தான் கலந்தாய்வு. அதுவும் முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, மிச்ச இடங்களுக்கு இன்னொரு சுற்று என்று நீண்டுகொண்டே போகும். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை இத்தனை மாதம் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வேறு என்ன செய்கிறோம்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். "என் மகன் நீட்டில் பாஸ்" என்று சொல்லி ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்துவிடுகிறார்கள். தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. 2024ல் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 13 லட்சம். அப்போது நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டின, அவ்வளவுதான். அதிலும் ஏறத்தாழப் பாதி, கட்டணத்தைக் கேட்டாலே தலை சுற்றும் தனியார் இடங்கள். இந்தக் கணக்குத் தெரியாத தகப்பனைத்தான் தரகன் தேடி வருகிறான். "உங்க பையன்தான் குவாலிஃபை ஆயிட்டானே பாய், வெயிட்டிங் லிஸ்ட்ல மேல ஏத்தி விடலாம்" என்கிறான். எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் இப்படிச் சொன்னவனிடம் கடையின் முதலையே தூக்கிக் கொடுத்தார். ரசீது கிடையாது. கலந்தாய்வு முடிந்தது. தரகனின் கைபேசியும் அணைந்தது.

வியாபாரிகளே, உங்களிடம் கேட்கிறேன். எடை போடாத சரக்குக்கு நீங்கள் பணம் கொடுப்பீர்களா? பட்டியலில் யாரும் யாரையும் மேலே ஏற்ற முடியாது. தரவரிசையும் ஒதுக்கீட்டு விவரமும் எல்லாரும் பார்க்கும்படி வெளியாகின்றன. எந்த எண்ணுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவில் கிடைத்தது என்று வரிவரியாக இருக்கிறது. அப்படியிருக்கத் தரகனுக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் பட்டியல் அசையும். அது ஏன் அசைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு டெல்லியில் தனிக் கலந்தாய்வு. மீதி 85 சதவீதம் நம் மாநிலத்துக்கு. அதைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நடத்துகிறது. நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இரண்டிலும் நிற்கிறார்கள். முன்பெல்லாம் எய்ம்ஸுக்கும் ஜிப்மருக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2020 முதல் அவையும் நீட்டுக்குள் வந்துவிட்டன. ஒரு பிள்ளை ஜிப்மருக்குப் போனால் இங்கே ஓர் இடம் காலியாகும். அந்த இடத்துக்கு மதுரையில் இருப்பவர் வருவார். மதுரை இடத்துக்கு இராமநாதபுரத்தில் இருப்பவர் வருவார். கடைசியில் இராமநாதபுரத்து இடம் வீட்டில் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு வரும். இரயிலில் ஆர்.ஏ.சி. நகர்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே கதைதான்.

நம் பிள்ளை எந்த வரிசையில் நிற்கிறது? பொதுத் தரவரிசை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "ஐயோ, ஆயிரக்கணக்கில் இருக்கிறதே" என்று பலர் சோர்ந்து போகிறார்கள். பட்டியலில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற பிரிவுக்குத் தனி வரிசை எண் உண்டு. 2007ல் கலைஞர் ஆட்சியில் சட்டமாகிக் கிடைத்த மூன்றரை சதவீதம் அது. 150 இடங்கள் உள்ள ஓர் அரசுக் கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீடு போக 127 அல்லது 128 மிஞ்சும். அதில் மூன்றரை சதவீதம் என்றால் நாலு இடம், மிஞ்சினால் ஐந்து. குறைவுதான். ஆனால் இன்னொன்றும் கவனியுங்கள். 31 சதவீதப் பொதுப் போட்டி இடங்கள் எல்லாருக்கும் உரியவை. நம் பிள்ளை அதிக மதிப்பெண் வாங்கிப் பொதுப் போட்டியில் இடம் பிடித்தால், அது இந்த நாலில் கழியாது. அடுத்து நிற்கும் பிள்ளைக்கு நாலும் அப்படியே இருக்கும்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை. சென்ற ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பி.சி.எம். பிரிவில் கடைசியாக இடம் பெற்ற வரிசை எண் எது என்று எழுதுங்கள். உங்கள் மஹல்லாவில் காத்திருக்கும் பிள்ளையின் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். வரும், வராது என்று அடித்துச் சொல்ல முடியாது. வினாத்தாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், இடங்களும் கூடும். ஆனாலும் இருட்டில் நிற்கிற பிள்ளைக்கு அது ஒரு விளக்கு. இரண்டு மணி நேர வேலை. டீக்கடையில் அரசியல் பேசுகிற நேரத்தில் பாதிதான்!

இனி காகிதம். சமுதாயச் சான்றிதழில் "முஸ்லிம்" என்று மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), தக்கனி, அன்சார், தூதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று அரசுப் பட்டியலில் உள்ள பெயர் இருக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டில் மூன்றரை சதவீதம் கிடையாது, அங்கே ஓ.பி.சி. 27 சதவீதம்தான். அதற்கு மத்திய அரசின் படிவத்தில் வேறு சான்றிதழ் வேண்டும், வருமான வரம்பு உண்டு, உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றைக் கொண்டுபோய் மற்றதற்கு நீட்டி ஏமாந்தவர்கள் உண்டு.

வளைகுடாவில் குடும்பத்தோடு இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளை, இந்த மண்ணின் பிள்ளைதான் என்று காட்டப் பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் தர வேண்டும். ஜித்தாவிலும் துபாயிலும் படித்த பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்திருக்கும். தகப்பனின் பழைய பள்ளிச் சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உம்மாவுக்குத் தெரியாது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாசில்தார் அலுவலகத்தில் போய் நின்று என்ன பயன்? காத்திருக்கும் நாட்கள் இதற்குத்தான் இருக்கின்றன.

இங்கேயே இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதற்குள்ளும் மூன்றரை சதவீதம் உண்டு. நாமோ கடன் வாங்கியாவது பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அந்த வாசலை ஆறாம் வகுப்பிலேயே மூடிவிடுகிறோம். நம்மவர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் இதில் சேரவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை வைக்க வேண்டியது நம் அமைப்பின் வேலை. ஆறாம் வகுப்பில் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்க வேண்டியது உங்கள் வேலை.

தாய்மார்களே, இப்போது சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஆண் பிள்ளை காத்திருந்தால் கடையில் உட்காருகிறான். பெண் பிள்ளை காத்திருந்தால்? "பொண்ணு சும்மாத்தானே இருக்கு" என்று ஒரு பேச்சு கிளம்பும். மாப்பிள்ளை சவூதியிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருக்கிறார், நல்ல இடம், விட்டால் கிடைக்காது என்பார்கள். ஜூலையில் பெண் பார்ப்பார்கள், ஆகஸ்டில் நிக்காஹ், செப்டம்பரில் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். பட்டியல் அசைவது எப்போது? அதே ஆகஸ்டில், செப்டம்பரில். அந்தப் பெண்ணின் எண் வரும்போது அவள் கையில் மருதாணி காய்ந்திருக்காது. மாமியார் வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வாள்?

திருமணம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? நான் நிக்காஹ் ஓதி வைக்கிறவன். கல்வி தேடுவது கடமை என்று ஜும்ஆவில் ஓதுகிறோம். நம் வீட்டுப் பெண்களைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும்போது "லேடி டாக்டர் இருக்காங்களா" என்று முதல் கேள்வி கேட்கிறோம். அந்த லேடி டாக்டர் எங்கிருந்து வருவார்? இப்படிக் காத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்துதானே! கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும் வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். நல்ல மாப்பிள்ளையாக இருந்தால் அவரும் காத்திருக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கல்விக் கட்டணம் இருபதாயிரத்துக்குள்தான். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றாலும் லட்சங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கே இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. இடம் ஒதுக்கப்பட்டால் பணம் கட்டிச் சேரக் கிடைப்பது சில நாட்கள்தான். 2020 நவம்பரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகே கட்டணத்தை அரசு ஏற்பதாக அறிவிப்பு வந்தது. அந்த ஏற்பாட்டுக்குள் வராத நம் பிள்ளைகளுக்கு அறிவிப்பு யார் செய்வது? வங்கிக்குப் போனால் வட்டி. போகாவிட்டால் இடம் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தகப்பன் தனியாக நின்று தவிக்கிறான்.

வியாபாரிகளே, ரமளானுக்கும் தீபாவளிக்கும் இரண்டு மாதம் முன்னாலேயே சரக்கு எடுத்து வைக்கிறீர்கள். சீசன் எப்போது என்று உங்களுக்குத் தெரியும். கலந்தாய்வும் ஒரு சீசன்தான். ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென்று ஒரு தொகை ஜூலைக்கு முன்பே தனியாக இருக்கட்டும். இடம் கிடைத்த அன்று மாலையே பணம் கைக்கு வர வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை துண்டு விரித்து வசூலித்துக் கொடுப்பதற்குள் தேதி முடிந்துவிடும். பிள்ளை படித்து முடித்துத் திருப்பித் தரட்டும். அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் கவனிக்க வேண்டியதும் உண்டு. அங்கே போவதற்கும் நீட் தகுதி வேண்டும். திரும்பி வந்த பிறகு எழுதும் தகுதித் தேர்வில் 300க்கு 150 வாங்காமல் இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. 2022ல் உக்ரைனிலிருந்து பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தோம். காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆகஸ்டிலேயே விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கடைசியில் பட்டியல் நம் பிள்ளை வரை வராமலும் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு வராது, இதை மறைத்துப் பேசுவது துரோகம். அதனால்தான் சொல்கிறேன், காத்திருக்கும்போதே மற்ற விண்ணப்பங்களையும் போட்டு வையுங்கள். பல் மருத்துவம், சித்தா, அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி ஆகியவை நீட் மதிப்பெண்ணுக்கே உண்டு. கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர், மருந்தியல் ஆகியவற்றுக்கு மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கின்றன. இவற்றின் கடைசித் தேதி எம்.பி.பி.எஸ். பட்டியலுக்காகக் காத்திருக்காது. இன்னொரு முறை எழுதிப் பார்க்கட்டும், தவறில்லை. மூன்றாவது, நான்காவது என்று பிள்ளையின் வயதைப் பயிற்சி நிலையத்துக்குத் தாரை வார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அரியலூர் மாணவி அனிதாவை மறந்துவிட்டீர்களா? பிளஸ் டூவில் 1200க்கு 1176. அந்த ஆண்டுக்கு மட்டும் விலக்குக் கிடைக்கும் என்று மாநிலமே காத்திருந்தது. 2017 ஆகஸ்ட் 22ல் உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையில்தான் கலந்தாய்வு என்றது. செப்டம்பர் 1ல் அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. உங்கள் வீட்டில் காத்திருக்கும் பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, நண்பர்களிடம் பேசுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அதன் காதில் விழும்படி பேசாதீர்கள். மனம் ஒடிந்து கிடந்தால் அரசின் 104 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். அதற்கு முன் தகப்பனே பக்கத்தில் உட்கார்ந்து, "நீ டாக்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும் என் பிள்ளைதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் நம் சகோதரர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையின் தரவரிசை எண்ணையும் பிரிவு எண்ணையும் எழுதிக் கொடுங்கள். சான்றிதழில் சந்தேகம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு அசலோடு அலுவலகத்துக்கு வாருங்கள், நகல் வேண்டாம். கல்லூரி விருப்பப் பட்டியல் போடத் தெரியாதவர்களும் வரலாம். பக்கத்து ஊர்க் கல்லூரியை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை விருப்ப வரிசையில் எழுதத்தான் அத்தனை கட்டங்கள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இரண்டு சகோதரிகள் உட்காருகிறார்கள். உம்மாவையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.