உறையின் பின்புறத் திகதி



நமுனுகுல மலையடிவாரத்தில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், பொழுது விடியுமுன் தப்புப் பறையின் சத்தம் கேட்கும். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி, காமன் கூத்துக்கு இன்னொன்று. கம்பளிக்குள் கிடந்தபடியே எதுவென்று தெரிந்துவிடும். எழுத்தும் மின்சாரமும் இல்லாமல் ஒரு மலைச்சரிவு முழுவதற்கும் ஒரே நேரத்தில் சேதி போனது. தொழில்நுட்பவழித் தொடர்பாடலைப் பேச வந்திருக்கும் நாம் அந்தத் தப்பிலிருந்து தொடங்குவதே முறை. அதை அடித்த கைகளைச் சாதி அந்த வேலைக்குக் கட்டிப்போட்டிருந்தது என்பதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

தந்தி வந்தபோதுதான் செய்தி போக்குவரத்திலிருந்து பிரிந்தது என்று தொடர்பாடல் ஆய்வாளர் ஜேம்ஸ் கேரி 1983இல் வாதிட்டார். அதுவரை பெரும்பாலும் குதிரையும் கப்பலும் புறாவும் போகும் வேகமே செய்தியின் வேகம். நம் நாட்டிலும் 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கும்வரை, 'ஒப்சேவர்' பத்திரிகை காலித் துறைமுகச் செய்திகளைப் புறாக்களைக் கொண்டுதான் வரவழைத்தது. கேரி சொன்னது கொழும்புத் துறைமுகத்துக்கும் லண்டன் தேயிலைச் சந்தைக்கும் நன்றாகப் பொருந்தும். தோட்டத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

நம் பாட்டன் பாட்டிமார் கடல் கடந்தபோது அவர்கள் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதை அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் சொல்லும். பொறித்தவருக்கு அது புரியும். சுமந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. விலாசம் எழுதிய கடிதம்போல மனிதரையே அனுப்பினார்கள்.

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டு கொழும்பில் வானொலி. அதே இருபதுகளில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அச்சிட்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவரிடம் அச்சு குரலாகப் போய்ச் சேர்ந்தது. இந்த இணைப்பை நம் ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் மனக்குறை.

கடிதத்துக்கு வருகிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அண்ணன் கோத்தகிரியில், தம்பி பதுளையில் என்று குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றபின், ஏழைக்கு மிஞ்சியது கடிதம் ஒன்றுதான். அதுவும் நேரே வராது. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது நினைத்தால் கைக்கு வரும். எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து பதினொரு நாள் கழித்துத்தான் கிடைத்தது. கடலை ஐந்து நாளில் தாண்டிய கடிதம் கடைசி இரண்டு மைலில் வாரக்கணக்கில் தங்கியதுண்டு. வேகத்தை அளக்கும் கோட்பாடுகளின் கண்ணில் படாமல் போன இடம் இதுதான்: செய்தி யார் கையில் தங்கியது?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் கைத்தொலைபேசியின் இடமும் மாறித் தெரியும். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளின் குரல் ஆபிசைத் தொடாமல் நேரே லயத்துக்கு வருகிறது. எனக்கு அதன் வேகத்தைவிட இதுவே பெரிய மாற்றம்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். லயத்து டிரங்குப் பெட்டிகளில் அந்தப் பழைய கடிதங்கள் இன்னும் இருக்கின்றன, கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. கிடைத்தால் உறையை வீசிவிடாதீர்கள். என் அப்பா ஒவ்வொரு கடிதமும் கைக்கு வந்த திகதியை உறையின் பின்புறம் பென்சிலால் குறித்து வைப்பார். முன்புறம் தபால் முத்திரை இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள்.