பேக்கரி வந்தா பரவால்ல, பார் வந்தா?

நம்ம ஏரியா கடைன்னா கோயமுத்தூர்ல பேக்கரிதாங்க. டீ, தேங்காய் பன், பஃப்ஸ். வண்டிய ஸ்டாண்ட் போட்டு அது மேலயே உட்கார்ந்து பேசுவோம். தெருவுக்குள்ள பேக்கரி வந்தா பெருசா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. பார் வந்தா கதை வேற.

நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னது. குடிச்சிட்டு வண்டி ஓட்டறதைத் தடுக்கத்தான், நல்ல தீர்ப்பு. ஆனா 2017 ஏப்ரல்ல மூடின டாஸ்மாக் கடைங்க ஊருக்குள்ள இடம் தேட ஆரம்பிச்சுது. சோமனூர் பக்கம் சாமளாபுரம், விசைத்தறி ஓடுற ஊரு. அங்க பெண்கள் ரோட்டுக்கு வந்துட்டாங்க. ஏப்ரல் 11, போலீஸ் தடியடி. ஒரு பெண்ணை அதிகாரி கன்னத்துல அறைஞ்ச வீடியோவை நாடே பார்த்துச்சு.

நான் அதைப் பார்த்தது ஒரு பேக்கரி வாசல்ல நின்னு. ஃபோன்ல இருந்து நிமிர்ந்தா, சுத்தி டீ குடிக்கிறவங்க அத்தனை பேரும் ஆம்பளைங்க. என்னையும் சேர்த்துத்தான். கடை பக்கத்துல வந்தா குடிக்கிறவருக்கு நடக்கிற தூரம் குறையுது, அவ்வளவுதான். வீட்டுல இருக்கறவங்களுக்கு அது பொண்ணு டியூஷன் முடிச்சு வர்ற வழிங்க.

உங்க தெரு பேக்கரில சாயங்காலம் எத்தனை பெண்கள் நின்னு டீ குடிக்கறாங்க? பார்த்துட்டு எழுதுங்க.