யார் பெயரில் துவக்கு?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதை அடுத்துப் பேசுகிறவர் பார்த்துக்கொள்வார். நான் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச வந்தேன்.

லயத்துக்குப் பின்னால் கரட், கிழங்கு போடாத வீடு குறைவு. ஒரு ராத்திரி பன்றி கிளறினால் மூன்று மாத உழைப்பு போய்விடும். அதனால்தான், "ஒரு துவக்கு எடுத்தால் என்ன சேர்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பயிரைக் காக்கத் துவக்கு வேண்டுமென்றால் மாவட்ட செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம சேவகர் அறிக்கை, பொலிஸ் அறிக்கை, அதோடு காணிப் பத்திரம் கேட்பார்கள். இந்தக் கடைசிக் கடதாசியில்தான் நாம் நின்றுவிடுகிறோம். நாலு தலைமுறையாகக் கொத்திய மண்ணுக்கு நம் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கிராமத்துக்காரர் உறுதியைக் காட்டுகிறார். நாம் லயக்காம்பிரா நம்பரைச் சொல்கிறோம். காணி உறுதி கேட்பது வீடு கட்ட மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பத்திரம் கிடைக்காத ஆத்திரத்தில் சில தம்பிமார் கட்டுத்துவக்கு கட்டுகிறார்கள். அதற்கு எந்தக் கந்தோரும் அனுமதி தராது. கம்பியில் தட்டியது பன்றியா, விறகுக்குப் போன அம்மாவா என்று அதற்குத் தெரியாது. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பாவுக்குக் கால் போய்விட்டது. கட்டியவர் மறியலில். அவரும் அதே லயம்தான், இரண்டு காம்பிரா தள்ளி. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

சுருக்குக் கம்பியும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் சிக்கி, பிறகு செத்துப்போனது.

இன்னொன்று. காவலுக்கு என்று தோட்டத் துவக்கை உங்கள் கையில் கொடுத்தால், வாங்குமுன் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். யார் பெயரில் இருக்கிறது, துவக்கு நம்பரும் பத்திர நம்பரும் ஒன்றா, உங்கள் கையில் கொடுக்க அனுமதி உண்டா? பதிலை எழுத்தில் கேளுங்கள். ஏதாவது நடந்தால் "தொரை சொன்னார்" என்ற வாய்ச்சொல் பொலிசில் நிற்காது. கேட்டதற்காக வேலையில் கை வைத்தால் தலைவரிடம் வாருங்கள், அது நம் பொறுப்பு.

பத்திரம் உள்ள இரண்டு மூன்று பேர் இங்கே இருக்கிறீர்கள். அது டிசம்பர் 31ஓடு முடிகிறது. தைப்பொங்கல் கழித்துப் புதுப்பிக்கலாம் என்று இருக்க வேண்டாம். கடைசி வாரம் வரைக்கும் இழுக்கவும் வேண்டாம். மச்சான் கேட்டாலும் இரவல் கொடுக்காதீர்கள். அப்பா காலமானால் அவர் துவக்கு மகனுக்குத் தானாக வராது; பொலிசில் ஒப்படைத்துவிட்டு உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டி வையுங்கள். லயத்தில் பிள்ளைகள் நுழையாத காம்பிரா கிடையாது.

படிவம் நிரப்ப உதவி வேண்டியவர்கள் ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு அடையாள அட்டையும் பழைய பத்திரமும் கொண்டு வாருங்கள். மரக்கறிப் பாத்திகளுக்கு வேலி கேட்டு நிர்வாகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். இன்னும் ஒப்பம் வைக்காதவர்கள் போகும்போது மேசைக்கு வாருங்கள், பேனை இருக்கிறது.