விளையாட்டரங்கில் நமது விசுவாசம்

(நூற்றாண்டு விழாவையொட்டி விளையாட்டு அணிகளின் மாணவிகளுக்கு ஆற்றிய உரை)



இதே கல்லூரியின் வலைப்பந்தாட்டத் திடலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குகிறேன். அப்போது நான் அணித் தலைவி. ஒரே ஒரு புள்ளியால் வென்றோம். அந்தப் பூரிப்பில் அணியினரைக் கைகோக்கச் செய்து, "ஆண்டவரே, எங்கள் பக்கம் நின்றீரே" என்று உரத்த குரலில் ஜெபித்தேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போனபோது, தோற்ற அணியின் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நாங்களும் ஜெபிச்சிட்டுத்தானே வந்தனாங்கள். அப்ப எங்களை அவர் விட்டிட்டாரோ?"

என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கடைசிப் பந்தை வலைக்குள் போட்ட என் தோழியோ சைவப் பிள்ளை. நெற்றியில் திருநீற்றோடு, எனக்காகத் தலை குனிந்து நின்றாள். அவளுக்கு அது விருப்பமா என்று நான் கேட்கவேயில்லை.

வைத்தியரான பின்பும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு கட்டிலில் பிள்ளை பிழைத்து, பக்கத்துக் கட்டிலில் பிள்ளை இறந்துபோன இரவுகளில் அது திரும்பத் திரும்ப வந்தது. அப்படியானால் மைதானத்தில் விசுவாசத்தை மறைத்துத்தான் வைக்க வேண்டுமா? இல்லை என்பதை எனக்குக் காட்டியவர் ஸ்கொட்லாந்து ஓட்ட வீரர் எரிக் லிடெல்.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தின் தகுதிகாண் சுற்றுகள் ஞாயிற்றுக்கிழமை வந்தன. ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்பது அவருடைய உறுதி. கப்பலேறும்போதுதான் அவருக்கு இது தெரியவந்ததாகத் திரைப்படம் காட்டும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்னரே தெரியும். தமக்கு மிகப் பிடித்த ஓட்டத்தையும் இரண்டு அஞ்சலோட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்ற பழிச்சொல்லையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த ஞாயிறு ஓடிய எவரையும் அவர் குறை கூறவில்லை. அவர் ஓடாத 100 மீற்றரில் தங்கம் வென்றவர் அதே பிரித்தானிய அணியைச் சேர்ந்த யூத வீரர் ஹரோல்ட் ஏப்ரஹாம்ஸ். லிடெல் 200 மீற்றரில் வெண்கலமும், 400 மீற்றரில் 47.6 செக்கனில் தங்கமும் பெற்றார். ஓட்டம் தொடங்குமுன் எதிராளிகள் எல்லோருக்கும் கைகொடுப்பது அவர் வழக்கம்.

தங்கைகளே, கதையின் மிகுதியைத்தான் பலர் அறிவதில்லை. அடுத்த ஆண்டே அவர் தாம் பிறந்த சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 1943இல் யப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர். மனைவியும் பிள்ளைகளும் கனடாவில். பெற்றோரைப் பிரிந்த பல சிறுவர்கள் அம்முகாமில் இருந்தார்கள். அவர்களுக்கு விளையாட்டுக்களை ஒழுங்கு செய்தவர் லிடெல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே விளையாடினார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் சண்டையில் முடிந்தது. அதன்பின் லிடெல் ஞாயிற்றுக்கிழமையிலும் மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார்.

ஒலிம்பிக் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிறை, சண்டையிட்ட பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். இதைத் தடுமாற்றம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு இடத்திலும் இழப்பைத் தாமே ஏற்றார். மற்றவர் தலையில் சுமத்தவில்லை. 1945 பெப்ரவரியில், 43 வயதில், அந்த முகாமிலேயே காலமானார். மூளையில் கட்டி இருந்தது மரணத்தின் பின்னரே உறுதியானது. இன்று என்னிடம் வந்திருந்தால் ஒரு ஸ்கேன் போதும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஆகவே, ஜெபித்துவிட்டு விளையாடுங்கள். அதை ஒளிக்க வேண்டாம். யாரும் கேட்டால் உங்கள் நம்பிக்கையைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் வென்றதும் முதலில் தோற்றவர்களிடம் போய்க் கைகொடுங்கள். நன்றி ஜெபம் பிறகு அமைதியாக நடக்கட்டும். திருநீறு பூசிய தோழியையும் தலையை மூடிய தோழியையும் உங்கள் ஜெபத்துக்குள் இழுக்காதீர்கள். அவர்கள் தங்கள் முறைப்படி வணங்கும்போது காத்திருங்கள். நடுவரின் கண்ணுக்குத் தப்பிய உங்கள் பிழையை நீங்களே சொல்லுங்கள். ஒரு புள்ளி போகலாம். அந்த இழப்புத்தான் உங்கள் சாட்சி.

அன்று என்னிடம் கேட்ட அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. இந்த மலர் அவள் கையில் கிடைத்தால், என் மறுமொழி இதுதான்: "இல்லைத் தங்கச்சி, அவர் உங்களை விடவில்லை. உங்களை மறந்து ஜெபித்தவள் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கோ."