பெயர் மாறிய பேத்தி

குடியேற்ற ஆட்சிக் காலத்துப் பெண்ணொருவரின் குடிவழியைத் தேடுவோர்க்கு முதல் தடையாவது அவர் பெயரே. 1802இல் ஐதராபாத்தில் பிறந்த சாகிப் பேகம் இதற்குச் சான்று. தந்தை, நிசாம் அரசவையில் ஆங்கிலேயப் பேராளராயிருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்; தாய் கைர் உன்னிசா. 1805இல் அக்குழந்தையும் தமையனும் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். அங்குத் திருமுழுக்குப் பெற்றுக் கேத்தரின் கிர்க்பாட்ரிக் ஆனார். தந்தைவழிப் பெயர் நிலைத்தது, தாய்வழி மறைந்தது. அவ்வாண்டே தந்தை கல்கத்தாவில் மாண்டார். 1813இல் தாயும் மறைந்தார்.

கப்பலேறுமுன் ஜார்ஜ் சின்னரி சென்னையில் தீட்டிய ஓவியத்தில் இரு குழந்தைகளும் ஐதராபாத் உடையில் நிற்கின்றனர். பல்லாண்டுகளுக்குப் பின், தந்தையிடம் பணியாற்றிய ஹென்றி ரசலின் இங்கிலாந்து இல்லத்தில் அவ்வோவியத்தைக் கேத்தரின் கண்டார். அதன்பின்னரே, ஐதராபாத்தில் வாழ்ந்திருந்த தாய்வழிப் பாட்டி ஷரப் உன்னிசாவுடன் மடல் தொடர்பு மலர்ந்தது. பேத்தி ஆங்கிலத்தில் எழுதினார். பாட்டி பாரசீகத்தில் விடையளித்தார். 1847இல் பாட்டி மறையும்வரை இருவரும் நேரிற் காணவேயில்லை.

பெயர் மறைத்த உறவை ஓர் ஓவியமும் சில மடல்களும் மீட்டுத் தந்தன. ஆதலின், பெண்ணின் வரலாறு தேடுவோர் பதிவேட்டோடு நின்றுவிடலாகாது; பேழையின் மடலையும் சுவரின் படத்தையும் வினவுதல் வேண்டும்.