செக்றோலும் பிட்கொயினும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிரிப்டோ நாணயம் என்றதும் பெரியோர் சிலர் புன்முறுவல் பூக்கின்றீர்கள். கைத்தொலைபேசிக்குள் காசு விளைகிறதாம் என்று வீட்டில் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யான் அங்கிருந்து தொடங்கவில்லை. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியின் ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. துண்டில்லாதவன் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. அதன் கொடுமை கடனில் மட்டுமா இருந்தது? கடனைச் சுமந்தவன் கணக்கைப் பார்க்க முடியாததிலும் இருந்தது. இன்றும் முழுப்பேரா அரைப்பேரா என்பது செக்றோலில் எழுதுபவர் கையில்தான் இருக்கிறது. வங்கிப் புத்தகமும் அவ்வாறே. எழுதுபவரை நாம் நம்புகிறோம்.

2008 ஒக்டோபரில் சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கணக்குப் புத்தகத்தை ஒருவரிடம் ஒப்படையாமல், வேண்டியவர் எல்லாரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தால் என்ன என்பதே அதன் கேள்வி. 2009 ஜனவரி 3ஆம் திகதி பிட்கொயின் புத்தகத்தின் முதற் பக்கம் எழுதப்பட்டது.

எல்லாரும் எழுதும் புத்தகத்தில் கள்ளக்கணக்கு நுழையாதா? இங்கேதான் மறையீட்டுக் கலை வருகிறது. ஒரு பக்கத்திலுள்ள அனைத்தையும் ஷா-256 என்னும் கணித முறையிற் செலுத்தினால் 64 எழுத்துள்ள ஓர் அடையாளம் கிடைக்கும். ‘18 கிலோ கொழுந்து’ என்பதை ‘19 கிலோ’ என்று திருத்திப் பாருங்கள். அடையாளம் முற்றாக மாறிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்திய பக்கத்தின் அடையாளம் பொறிக்கப்படுகிறது. ஆகவே திங்கட்கிழமைக் கணக்கை அழித்தெழுதினால் செவ்வாயும் புதனும் அதன்பின் வந்த அத்தனை பக்கமும் பொய்த்துப்போம்.

இனி, காசு என்னுடையதென்று எப்படிக் காட்டுவது? கைநாட்டு இருக்கிறதே! 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்கர் இருவர், ஒருவருக்கு இரண்டு திறவுகோல் என்ற எண்ணத்தை வெளியிட்டனர். இரகசியத் திறவுகோலால் ஒப்பமிடலாம். பகிரங்கத் திறவுகோலால் அதனை எவரும் சரிபார்க்கலாம். மையில் வைத்த கைநாட்டு எல்லாத் தாளிலும் ஒன்றே. இதுவோ தாளுக்குத் தாள் வேறுபடுவது. ஆதலால் ஒரு தாளிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. ஆனால் இரகசிய எண்ணைத் தொலைத்தவன் காசையும் தொலைத்தவனே. மனுக் கொடுக்கக் கந்தோர் இல்லை!

அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்குக் கணினிகள் போட்டியிடுகின்றன. ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கொரு பக்கம். வென்றவருக்குப் புது நாணயம். மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் வராது. நம் பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளை அறிந்தோர்க்கு ஒரு செய்தி: இலங்கை முழுவதும் ஓராண்டில் செலவிடும் மின்சாரத்தைப்போற் பன்மடங்கை இப்போட்டி விழுங்குகிறது. இஃது எனக்கு உவப்பானதன்று.

இதைவிட நமக்கு நெருங்கிய ஆபத்து வேறு. 2023 ஓகஸ்ட்டில் எம்.ரி.எப்.இ. என்னும் செயலித் திட்டம் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களுள் ஒன்றென இலங்கை மத்திய வங்கி அறிவித்தது. ஆள் சேர்த்தவர்க்குத் தரகு, தொலைபேசித் திரையில் நாள்தோறும் இலாபம்! அங்கே தோற்றது மறையீட்டுக் கலையன்று. திரையில் தெரிந்த இலாபம் நிறுவனத்தார் எழுதிய எண். போட்டவர் பார்த்துச் சரிபார்க்கக் கூடிய புத்தகம் அன்று. கிரிப்டோ என்னும் பெயர் பூண்ட பழைய செக்றோல் அது. சேமலாப நிதி கைக்கு வந்த ஐயாமாரையும் அம்மாமாரையும் தேடித்தான் இத்தகையோர் வருவர். அவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கணக்குப் புத்தகம் எவரிடம்? இரகசிய எண் எவர் கையில்?

மெய்யான பிட்கொயின் புத்தகத்தைப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் அதன் ஒரு பக்கத்தை என் கைத்தொலைபேசியில் திறந்து காட்டுகிறேன். விரும்பும் பெரியோர் மேசையருகே வரலாம்.