கோடை மழைக்குக் கணக்கு கேட்போம்!



மார்ச் முதல் மே வரை எப்படியிருக்கும் என்று இந்திய வானிலைத் துறை வருசா வருசம் முன்கூட்டியே சொல்கிறது. 2024-லும் 2025-லும் நாட்டின் பெரும்பகுதியில் வெயில் வழக்கத்தைவிடக் கூடும் என்றார்கள். மழைக்கோ, "ஓரிரு இடங்களில் இடியுடன் பெய்யும்" என்பார்கள். அந்த ஓரிரு இடம் எது? மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால், அதுதான் அவர்கள் கணக்கில் ஓரிரு இடம். மழைமானி இல்லாத ஊரில் பெய்தாலும் காய்ந்தாலும் கணக்கில்லை.

கோடை மழை ஒன்று விழுந்தால்தான் நாம் உழவு போட்டு, சாமைக்கு நிலத்தைத் தயார் பண்ண முடியும். அதே மழை காற்றோடு வந்தால் மாங்காய் உதிரும், காயப்போட்ட புளி கறுத்துப்போகும். தரையில் பெய்தது மலையில் பெய்யாது. மலையில் பெய்தது தரைக்குத் தெரியாது.

2022-இல் வந்த மத்திய அரசு விதி, மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய் நிவாரணம் என்றது. அதுவும் 33 சதவீதமாவது சேதம் என்று காட்டினால்தான். மழைக்கணக்கு கையில் இல்லாமல் எதைக் காட்டி வாதாடுவது?

நம் காவலூரில் நட்சத்திரம் பார்க்க 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. சந்தோஷம்! அதே வானத்து மேகத்துக்கு நாம் கேட்பது:

ஊராட்சிக்கு ஒரு மழைமானி!
அன்றாட மழையளவை ஊராட்சிப் பலகையில் எழுது!
மலைக்குத் தனி வானிலை அறிவிப்பு கொடு!

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். மழை பெய்த தேதியையும் சேதத்தையும் வீட்டுக்கு வீடு நோட்டில் எழுதுவோம். மனுவோடு அந்த நோட்டையும் கொண்டுபோவோம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!